சங்கிலியில் மூன்று அங்குலம்

பிரபஞ்சத்தின் வயது நூற்றெண்பது கோடி ஆண்டு
என்று எழுதிவிட்டுத் திரும்பினேன்.
மூன்றாம் பெஞ்சில் சந்தனமாரி எழுந்து நின்றாள்.
"பூமியிலே பாறைக்கே முந்நூறு கோடின்னு
போன வாரம் சொன்னீங்க மிஸ்.
தாய்க்கு முன்னால மக பொறந்தாளா?"
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்,
விடை தெரியாதவள் சிரிக்கும் சிரிப்பு.
பாளையங்கோட்டை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு,
ஆவணி, காற்றில்லாத மதியம்.

அன்று சாயங்காலம் பலவேசம் வந்தார்.
திருச்செந்தூர் தாலுகா சர்வேயர்.
தோளில் சாக்குப்பை, அதற்குள்
நூறு கண்ணிச் சங்கிலி.
"உங்க லேபுல உருக்கு நாடா கெடக்காமே,
ஒத்துப் பாக்கணும்மா."

ரசாயன அறை வாசலிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரை
வராந்தாவில் இழுத்துப் போட்டோம்.
கண்ணி இடுக்கெல்லாம் தேரி மணல்,
தட்டத் தட்டச் சிவப்பாய் உதிர்ந்தது.
அறுபத்தாறடி இருக்க வேண்டிய சங்கிலி
நாடாவைத் தாண்டி மூன்று அங்குலம் நீண்டு கிடந்தது.

அவர் குத்தவைத்து அந்த மூன்று அங்குலத்தையே பார்த்தார்.
"எட்டு வருசமா இழுத்திருக்கேன்.
வெயில்ல, முள்ளுல, மணல்ல.
வளையம் வாய் விட்டுட்டு.
சங்கிலி நீண்டா நெலம் சுருங்கும், பாத்துக்கிடுங்க.
நா எழுதின கணக்கெல்லாம் கம்மி.
நெலம் என்னமோ அப்பவே பெருசாத்தான் கெடந்திருக்கு."

போகும்போது சந்தனமாரியின் கேள்வியை அவரிடம் சொன்னேன்,
சும்மா, பேச்சுக்கு.
சாக்குப்பையை முடிந்துகொண்டே கேட்டார்:
"வானத்த எந்தச் சங்கிலியால அளந்தாவ?"

எந்தச் சங்கிலி!
துடிக்கும் நட்சத்திரம் ஒன்று:
துடிப்பை எண்ணினால் ஒளி தெரியும்,
ஒளி தெரிந்தால் தூரம் தெரியும்,
தூரமும் ஓட்டமும் தெரிந்தால்
எல்லாம் ஒன்றாய்க் கிடந்த நாள் தெரியும்.
இவ்வளவும் தொங்குவது அந்த முதல் கொக்கியில்.

பங்குனியில் சஞ்சிகை வந்தது,
கப்பலேறி, தூத்துக்குடி இறங்கி,
ஓரமெல்லாம் உப்புப் பூத்து.
துடிக்கும் நட்சத்திரம் ஒரு சாதி இல்லையாம், இரண்டாம்.
அரிக்கேன் என்று நினைத்து அளந்தது
பெட்ரோமாக்ஸாம்.
அப்படியென்றால் அது பக்கத்து வயலில் இல்லை,
ஆற்றுக்கு அக்கரையில்.
அண்டை மண்டலம் ஒரே ராத்திரியில்
இரண்டு பங்கு தள்ளிப் போனது,
ஓர் அடியும் நகராமல்.

யுத்த காலத்தில் ஒரு நகரம் விளக்கணைத்தபோது
மேலே மலையில் ஒருவர் கண்ட இருட்டிலிருந்து
இந்தச் சந்தேகம் கிளம்பியதாம்.
இருட்டடிப்பு எங்களுக்கும் இருந்தது.
நாங்கள் பார்த்தது மண்ணெண்ணெய் விலையைத்தான்.

மறுநாள் வகுப்பில் நூற்றெண்பதை அழித்து
முந்நூற்றறுபது எழுதினேன்.
சரியாய் அழியவில்லை, பழைய எட்டு
புதிய ஆறின் வயிற்றுக்குள் தெரிந்தது.
சந்தனமாரி நோட்டில் அடித்துத் திருத்தினாள்.
பிறகு தலை தூக்காமல் கேட்டாள்:
"இதுவும் மாறுமா மிஸ்?"
மாறும் என்றேன். பாறைக்காரர்களும்
சும்மா இருக்கமாட்டார்கள்.

சித்திரையில் ஒரு கார்டு, பலவேசம் கையெழுத்து.
புதுச் சங்கிலியில் மறு அளவை நடக்கிறது.
வெள்ளத்தாய் என்றொரு அம்மாள்,
ஏழு ஏக்கர் பனங்காடு,
இப்போது ஐந்து சென்ட் கூட.
தீர்வையும் கூடுமே என்று
தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டாளாம்:
"நெலம் வளந்திட்டுங்கியளே,
வந்து எண்ணிப் பாருங்க,
பனை அதே நாப்பத்தேழுதான் நிக்கி."

கார்டைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தேன்,
பக்க அடையாளமாய்.
அன்றிரவு மொட்டை மாடியில்
வெகுநேரம் நின்றேன்.
எண்ணிக்கை அதேதான்.
நடுவில்தான், அம்மாடி, எவ்வளவு மணல்.